கண்ணாடிக்குள் ஒரு கை

பயிற்சி என்றதும் நமக்கு பி.டி. பீரியட்தான் ஞாபகம் வரும். மூளைக்கும் பயிற்சி உண்டு, நண்பர்களே!

கையை இழந்த சிலருக்கு, இல்லாத அந்தக் கையில் வலி இருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் அதற்கு ஒரு சாதாரண கண்ணாடியை எடுத்தார். நல்ல கையை அசைத்து அதன் பிம்பத்தைப் பார்த்தால், இல்லாத கையே அசைவதாக மூளைக்குத் தோன்றும். சிலருக்கு வலி குறைந்தது. 1999-ல் பக்கவாதத்துக்கும் இதைச் சோதித்தார்கள்.

பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்ட என் தாத்தாவும் தினமும் கண்ணாடி முன் உட்காருகிறார். இப்போ ரெண்டு விரல் லேசா அசையுது. "டம்ளரை நானே புடிச்சிக் குடிக்கணும்டா" என்கிறார். முழுசா சரியாகுமான்னு டாக்டர் சொல்லல.

விஞ்ஞானி வழி காட்டினார். நடக்க வேண்டியது தாத்தாதான். நடக்கிறார்!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு