மேற்குப் பக்க ஜன்னல்

எங்க வீட்டுப் பின்னால ஒரு மாட்டுக் கொட்டாய் இருந்தது. மாடு எங்களுடையதல்ல. ஊர்த்தெரு ஆண்டையின் மாட்டை அப்பா வாரத்துக்கு வளர்த்தார். கன்று விற்ற காசில் பாதி ஆண்டைக்கு, பாதி எங்களுக்கு. சாணி மட்டும் முழுசும் அம்மாவுக்கு. அப்பா செத்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொட்டாயில் விறகும் தேளும் குடியேறின.

எங்கள் வீடு ஒரே அறை. மனு எழுத வருகிறவர்களைத் தெருவில்தான் உட்கார வைப்பேன். பட்டா நகல், கைநாட்டு வைத்த பத்திரம் எல்லாவற்றையும் மண்ணில் விரித்து, பறக்காமல் கல் வைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிப் படிக்கணும். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க ஒரு பெண் வந்தாள். தனக்கு நடந்ததைத் தெருவே கேட்கச் சொல்லவேண்டியிருந்தது. பாதியில் எழுந்து போய்விட்டாள். அன்றைக்குத்தான் கொட்டாயை அறையாக்குவதென்று முடிவு செய்தேன்.

சித்தப்பா கொத்தனார். தரையைப் பெயர்த்தால் முழங்கால் ஆழத்துக்கு மூத்திரம் ஊறிய மண். வாரிக் கொட்டிவிட்டுப் புதுமண் அடித்தோம். மழை பெய்தால் இன்னமும் வாடை வரும். வரட்டும். குனியாமல் நிற்கிற உயரத்துக்குக் கூரையை ஏற்றி, பழைய ஓட்டுக்கு நடுவே நாலு கண்ணாடி ஓடு வைத்தோம். வெளிச்சம் விழுந்த இடத்தில் அம்மா கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

மேற்குச் சுவர் ஏற்கெனவே இடிந்து கிடந்தது. செங்கல்லில் எடுத்து அதில் ஜன்னல் வைக்கச் சொன்னேன்.

"மேக்கால வேணான்டா, மத்தியானம் நெருப்பா காயும்" என்றார் சித்தப்பா. காரணம் வெயிலல்ல. மேற்கே ஊர்த்தெரு. அம்மா ஒளிக்கவில்லை: "ஓடு போட்டதுக்கே ஒங்க தாத்தாவ நிக்கவச்சிக் கேட்டாங்க."

1931இல் ராமநாதபுரம் பக்கம் ஆதிக்க சாதியார் விதித்த பதினோரு தடைகளில் நம் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் ஒன்று. ஹட்டன் எழுதிவைத்திருக்கிறார். பாபாசாகேப் 1930களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களுக்கென்றே இடம் ஒதுக்கினார். என்னிடம் இருப்பது ரெண்டு டிரங்குப் பெட்டிப் புத்தகம். 2020 ஜூலையில் அந்த ராஜகிருகத்து ஜன்னலையே சேதப்படுத்தினார்கள். நம்ம ஜன்னல் எம்மாத்திரம் என்றும் தோன்றியது.

வைத்துவிட்டோம். மூணாம் நாள் ஆண்டை மகன் வந்து நின்றான். என்னைவிடச் சின்னவன். "என்னடா, எங்க தெருவ வேவு பாக்கறியா?"

"வெளிச்சத்துக்குங்க" என்றேன். அந்த 'ங்க' எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்! ராத்திரி முழுக்க அது தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

அந்தப் பெண் திரும்ப வந்தாள். பாயில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஜன்னல சாத்துண்ணே."

சாத்தினேன். கண்ணாடி ஓட்டு வெளிச்சமே போதுமாயிருந்தது. பொழுது சாய்வதற்குள் எட்டுப் பக்கம் எழுதினோம்.