பிடிக்கிறவனை யார் பார்க்கிறார்கள்?

கபடி பார்க்கும் யாரிடமாவது பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பர்தீப் நர்வால், பவன் ஷெராவத், அஜய் தாக்கூர் என்று பெயர்கள் வரிசையாக வரும். எல்லாருமே பாடிப் போகிற ரைடர்கள். ‘சரி, பிடிக்கிறவங்கள்ல யாரைப் பிடிக்கும்?’ என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். யோசித்து ஒரு பெயரைச் சொல்பவர், அநேகமாக ஒரு காலத்தில் தானும் பிடித்தவராக இருப்பார்.

நான் அப்படிப்பட்டவன். திருவொற்றியூரில் எங்கள் பேட்டை அணிக்குப் பதினோரு வருடம் இடது கார்னரில் நின்றேன். வேலை எண்ணூரில், ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். முட்டி தேய்ந்த பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்களைப் பார்த்துத் தேர்வு செய்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது, டீ மட்டும் உண்டு.

போன வருடம் காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு தங்கச்சி என்னைத் தேடி வந்தார். அவருடைய பையனுக்கு வயது 17. எங்கள் அணியில் வலது கார்னர். வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடிபட்டு, கடலுக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கன்டெய்னர் யார்டு ஒன்றில் ஒப்பந்த வேலைக்குப் பையனைக் கூப்பிடுகிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்தால் மாதம் 15 ஆயிரம்.

“நேராச் சொல்லுண்ணா. என் புள்ள கபடில தேறுவானா, மாட்டானா? தேற மாட்டான்னா இப்பவே வேலைக்கு அனுப்பிடுறேன். சும்மா ஆசை காட்டாத.”

இந்தக் கேள்விக்கு ஆறுதலாக எதையாவது சொல்லி அனுப்ப முடியாது. ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருடம் அதில் இருக்கிறது. “மூணு மாசம் கொடும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

நோட்டில் ஏறாத வேலை

ரைடரை எடை போடுவது சுலபம். போனான், தொட்டான், வந்தான். புள்ளி நோட்டில் ஏறிவிடும். பிடிக்கிறவன் விஷயம் அப்படியில்லை. புரோ கபடியில் பர்தீப் நர்வால் எடுத்த ரெய்டு புள்ளிகள் 1,800-க்கும் மேல். பிடிப்பதில் 500 புள்ளியை முதலில் தொட்டவர் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. இத்தனை வருடம் ஆடிய உலகத்தின் மிகப் பெரிய கார்னருக்கே எண்ணிக்கை அவ்வளவுதான். எண்ணை மட்டும் பார்த்தால் பிடிக்கிறவன் எப்போதும் பாதி ஆள்தான்.

அமெரிக்கக் கால்பந்தில் இதைவிட மோசம். பந்தை எறிபவரைச் சுற்றிச் சுவர் போல ஐந்து பேர் நிற்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். கணக்கில் சேர்க்க அவர்கள் பெயரில் கோலும் இல்லை, ஓட்டமும் இல்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் முன் அவர்களுடைய கை நீளத்தை அங்குலக் கணக்கில் அளக்கிறார்கள். பழைய ஆட்டங்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாதத்தைக் கவனிக்கிறார்கள். எறிபவர் அடிபடாமல் நின்றால் இவர்கள் நன்றாக வேலை செய்தார்கள் என்று அர்த்தம்.

நம் கபடியிலும் அதே கதைதான். ரெய்டுக்கு 30 வினாடி. ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் ஒன்றும் எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது ரெய்டு ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். அதாவது, என் கார்னருக்குப் பயந்து இரண்டு முறை ரைடர் உள்ளே இறங்காமல் திரும்பினாலே எங்களுக்குப் பாதிப் புள்ளி வந்த மாதிரி. அந்தப் பாதிப் புள்ளி எந்த நோட்டிலும் ஏறாது.

ஆனால் ஏலம் எடுப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2018 ஏலத்தில், புரோ கபடியில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாய்க்குப் போனவர் இதே ஃபசல்தான். அதே வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 1990 முதல் தங்கத்தை விடாமல் வைத்திருந்த இந்திய ஆண்கள் அணியை அரையிறுதியில் 27-18 என்று ஈரான் தோற்கடித்தது. ஃபசல் அந்த அணியில்தான் இருந்தார்.

நம் தமிழ் தலைவாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் காலில் அடி. சீஸன் முடிந்தது என்று எங்கள் டீக்கடையில் எல்லாரும் கையை உதறினோம். ஆனால் அந்த வருடம்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி வரை போனது. ரெய்டில் நரேந்தர் என்ற இளைஞர் எழுந்து நின்றார். பின்னால் சாகர், சாஹில் குலியா, மோஹித், எம்.அபிஷேக் என்று பிடிக்கிறவர்கள் நின்றார்கள். நரேந்தரைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். மற்றவர்களைப் பற்றி எங்களைப் போன்ற பழைய கார்னர்கள் பேசினோம்.

நான் எதைப் பார்க்கிறேன்?

அந்தப் பையனை மூன்று மாதம் பார்த்தேன். பார்த்தது இவற்றைத்தான். உங்கள் வீட்டிலும் கபடி ஆடும் பிள்ளை இருந்தால் உதவும்.

முதலில் பாதம். பிடிக்கப் போகும்போது குதிகால் தரையில் ஒட்டியிருந்தால் ஆள் அரை வினாடி தாமதம். முன் பாதத்தில் நிற்க வேண்டும், இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும். இதில் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பழகுவது மணலிலும் மண்ணிலும். மணல் கால் வலுவைக் கொடுக்கும், வேகத்தை மறைத்துவிடும். பெரிய போட்டிகள் எல்லாம் மேட்டில், ஷூ போட்டு. மணலில் புலியாக இருப்பவன் மேட்டில் வழுக்குவான். அதனால் இரண்டிலும் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. அந்த மணலும் இப்போது எங்கே இருக்கிறது? துறைமுகம் வந்த பிறகு அதற்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருக்கும் துண்டு மணலில்தான் வலை காய்வதும் கபடியும்.

இரண்டாவது பொறுமை. கார்னர் ஆட்டத்தின் உயிரே இதுதான். ரைடர் காலை நீட்டுவான், இழுப்பான், கூப்பிடுவான். முந்திக்கொண்டு பாய்ந்தால் முதுகு காட்டிப் போய்விடுவான். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து, இன்னொரு காலைத் தூக்கும் அந்த நொடி வரும். அப்போதுதான் கணுக்கால் நமக்கு. அது வரை காத்திருக்கத் தெரிந்தவனா என்று பார்ப்பேன்.

மூன்றாவது, பிடி. கை போய்ச் சேருவது பாதி வேலை. சேர்ந்த பிறகு விரல் பூட்டிக்கொள்கிறதா, தோள் ரைடரின் தொடையோடு ஒட்டுகிறதா என்பது மீதி. பலசாலிப் பையன்கள் நிறையப் பேர் கையை மட்டும் நம்புவார்கள். நடுக்கோட்டை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடும் ரைடரைக் கையால் மட்டும் நிறுத்த முடியாது.

நான்காவது, பக்கத்து ஆள். கார்னர் தனியாகப் பிடிப்பது டிவியில் அழகாக இருக்கும். ஆனால் அவன் பிடித்தவுடன் கவரில் நிற்பவன் வந்து மோத வேண்டும். கைகோத்து நிற்கும் ‘இன்’ ஆட்டக்காரன் கையை விடும் நேரம் சரியாக இருக்க வேண்டும். நல்ல கார்னர் வாயைத் திறந்து பேசிக்கொண்டே இருப்பான். ஊமையாக நிற்பவனிடம் எனக்கு நம்பிக்கை வராது.

ஐந்தாவது, தவறவிட்ட பிறகு என்ன செய்கிறான் என்பது. இரண்டு முறை ரைடர் தப்பிவிட்டால் சில பையன்கள் மூன்றாவது முறை பின்வாங்கி நிற்பார்கள். சிலர் வெறி பிடித்துப் பாய்வார்கள். இரண்டும் ஆபத்து. முதல் ரெய்டில் நின்ற மாதிரியே நிற்பவன்தான் வேண்டும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ரைடரின் வேகம் சீக்கிரம் போய்விடும். கார்னருக்கு அனுபவம் ஏற ஏறக் கண் தெளியும். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன், 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணியின் கேப்டனாகக் கோப்பை வாங்கியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். வலது கார்னர். அவரை வட இந்திய வீரர்களே ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு தேர்வு நாள்

இதற்கு நடுவில் ஒரு தேர்வுக்குப் பையனை அழைத்துப் போனேன். எந்த அமைப்பு என்பது இங்கே முக்கியமில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஏழு ஏழு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் ஆட்டம். எங்கள் பையன் வலது கார்னர். எதிரணி ரைடர்கள் முதல் ரெய்டில் அவன் பக்கம் வந்து பார்த்தார்கள். ஒருவனின் காலைப் பிடித்துப் போட்டான். அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. எல்லாரும் இடது பக்கமே போனார்கள். இடது கார்னர் பையன் நாலு பேரை விட்டான், மூன்று பேரைப் பிடித்தான். பட்டியலில் இடது கார்னர் பெயர் வந்தது. எங்கள் பையன் பெயர் இல்லை.

மெட்ரோவில் விம்கோ நகர் வரை பேசாமலே வந்தான். இறங்கும்போது, “நான் ஒண்ணுமே செய்யலையாண்ணா?” என்றான்.

“உன் பக்கம் வரப் பயந்தாங்கடா” என்று சொன்னால் போதாது. அதை எழுதிக் காட்ட வேண்டும். அடுத்த நான்கு ஆட்டங்களுக்கு ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். அவன் பக்கம் எத்தனை ரெய்டு வந்தது, எத்தனை வெறுமனே திரும்பியது, எத்தனை புள்ளி போனது, எத்தனை முறை பக்கத்து ஆளின் பிடிக்கு வந்து உதவினான் என்று கோடு போட்டேன். அவன் பிடித்தது 9. விட்டது 6. அவன் பக்கம் இறங்கி ஒன்றும் எடுக்காமல் திரும்பிய ரெய்டு 46. என் மகள் அவளுடைய மொபைலில் வீடியோ எடுத்தாள். ரைடரை விட்டுவிட்டு இவனை மட்டும் எடுக்கச் சொன்னேன். “பந்தோபஸ்து போலீஸை மட்டும் படம் எடுக்கிற மாதிரி இருக்குப்பா” என்று சிரித்தாள்.

நோட்டையும் வீடியோவையும் ஒரு கல்லூரிப் பயிற்சியாளரிடம் கொண்டுபோனேன். அவரும் பழைய கவர் ஆட்டக்காரர். 46 என்ற எண்ணில் விரலை வைத்து, “இதை யாரு சார் எழுதினது?” என்று கேட்டார். பையனை இரண்டு நாள் மேட்டில் ஆட விட்டுப் பார்த்தார். முதல் நாள் வழுக்கினான். இரண்டாம் நாள் நின்றான்.

தாய்க்குச் சொன்ன பதில்

மூன்று மாதம் முடிந்ததும் அந்தத் தங்கச்சியைக் காசிமேட்டில் போய்ப் பார்த்தேன். வியாபார நேரம். வஞ்சிரத்தைத் திருப்பிச் செவுளைக் காட்டி ஒரு அம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

புரோ கபடியில் 12 அணிகள். ஒரு அணிக்கு அதிகபட்சம் 25 பேர். மொத்தமே 300 இடம், அதற்கு நாடு முழுக்கப் போட்டி. அதை நம்பி வீட்டை நடத்த முடியாது. ஆனால் கபடி அதோடு முடிவதில்லை. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் படிப்பு உண்டு. ரயில்வேயிலும் காவல்துறையிலும் ஆட்டக்காரர்களுக்கு வேலை உண்டு. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு வேலைக்கேற்ற படிப்பும் வேண்டும், ஆடிய சான்றிதழும் வேண்டும். பையனுக்குப் பொறுமை இருக்கிறது, கண் இருக்கிறது. எடை இன்னும் ஏழெட்டு கிலோ ஏற வேண்டும், மேட்டில் கால் பழக வேண்டும். அதற்கு இரண்டு வருடம் ஆகும். அந்த இரண்டு வருடம் வீடு தாங்குமா என்பதை நீதான் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கத்தியைக் கழுவி வைத்தார். “தேறுவான்னு சொல்றியா?”

“கார்னரா தேறுவான். கோடி ரூபா வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது.”

“கோடி எவன் கேட்டான்?” என்றார்.

இந்த ஜூனில் பையன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். ஃபீஸ் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு. சனி, ஞாயிறு யார்டில் கணக்கு எழுதப் போகிறான். போன வாரம் மீன் வாங்கப் போனபோது அவன் அம்மா எனக்குக் கொசுறாக இரண்டு சங்கராவைப் போட்டுவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“அண்ணா, ஆடுறப்போ காலு கீலு உடைஞ்சிதுன்னா காலேஜ்ல செலவு பாத்துப்பாங்களா? அதையும் கேட்டுச் சொல்லு.”

எங்கள் ஆட்களில் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது. திங்கட்கிழமை பயிற்சியாளரைப் பார்க்கப் போகிறேன்.