போர் விளையாட்டும் புத்தகத் துணையும்

சென்ற பாடசாலை விடுமுறையில் ஹுன்னஸ்கிரியவிலுள்ள நம் தங்கையின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தோம். மலையிலிருந்து மூடுபனி இறங்கி, மாலையில் வெளியே விளையாட இடந்தராத நாட்கள் அவை. மருமகப்பிள்ளையோ கணினியின் முன் அமர்ந்து பெரும் படைகளை நடத்திக்கொண்டிருந்தான். விரலின் ஓர் அசைவில் பத்தாயிரம் வீரர் மலையைக் கடந்தனர். மறு அசைவில் மடிந்தனர்.

"படிப்பெல்லாம் பாழாகிறது, அண்ணா. நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதா?" என்று தங்கை குறைப்பட்டுக்கொண்டாள்.

விளையாட்டை நிறுத்தச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சதுரங்கத்தில் யானையும் குதிரையும் நகர்த்திய பரம்பரையல்லவா நாம்! பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி, வரைபடமும் பகடையும் கொண்டு 1824ஆம் ஆண்டில் செம்மைப்படுத்திய போர் விளையாட்டை, அந்நாட்டுச் சேனை தன் அதிகாரிகளின் பயிற்சிக்கே ஏற்றுக்கொண்டது. ஆகவே, விளையாட்டுக்குத் துணையாக நல்ல யுத்த சரித்திர நூல்களைத் தேடித் தருவதெனத் தீர்மானித்தோம்.

முதல் முயற்சியிலேயே தவறினோம். மாவீரர்களின் வெற்றிகளைப் புகழும் தடித்த நூலொன்றை வாங்கிக் கொடுத்தோம். பையன் ஒரே இரவில் அதைப் புரட்டிவிட்டு, "என் விளையாட்டில் உள்ளதுதான் இதிலும் இருக்கிறது, மாமா. யார் வென்றார், எத்தனை பேர் இறந்தார் என்பதுதானே?" என்றான். அவன் சொன்னது நியாயமே. விளையாட்டு எதைக் காட்டாமல் விடுகிறதோ, அதைக் கூறும் நூலையல்லவா நாம் தேர்ந்திருக்க வேண்டும்?

அத்தகைய நூலுக்குரிய களம் வீட்டு வாசலிலேயே இருந்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு அணித்தேயுள்ள மெதமகநுவரப் பகுதியிலேதான், கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டான். அதற்கு முன்னர் ஆங்கிலேயர் அவன்மீது தொடுத்த போரைப் பற்றிக் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் எழுதிய நூல் 1810இல் லண்டனில் வெளிவந்தது. பல திசைகளிலிருந்தும் கண்டியை நோக்கிப் படை செலுத்த 1804இல் திட்டமிட்டுப் பின்னர் அதைக் கைவிட்டார்கள். அவருக்கு வந்த கட்டளையின் வாசகம் தெளிவாக இல்லாமையால், ஜோன்ஸ்டன் மாத்திரம் ஏறத்தாழ 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டியை அடைந்தார். ஏனைய படைகளைக் காணாது திகைத்து, காட்டு வழியே போராடித் திருகோணமலைக்கு மீண்டார்.

ஒற்றையடிப் பாதைகளும், பாதையை மறித்து வீழ்த்தப்பட்ட மரங்களும், பொதி சுமப்போரின் அவலமும், காய்ச்சலும் அந்நூலில் வருகின்றன. கண்டி வீரன் தன் உணவையும் சிறு சமையற்பாத்திரத்தையும் தானே சுமந்தான். தாளிப்பனை ஓலையே அவனுக்குக் கூடாரம். ஆங்கிலப் படையோ சுமைகூலிகளை நம்பியிருந்தது. வெற்றி தோல்வியின் காரணம் துப்பாக்கியில் மட்டுமன்று, அரிசிப் பொதியிலும் இருக்கிறதென்பது பையனுக்குப் பெரும் வியப்பாயிற்று.

ஒருவர் வாய்மொழியை மட்டும் நம்புதல் தகாது. 1803ஆம் ஆண்டுப் போரில் கண்டியர் பெற்ற வெற்றியைப் பாடும் 'இங்கிரிசி ஹட்டன' என்னும் சிங்களக் காவியத்தைப் பற்றியும் அவனுக்குக் கூறினோம். முன்னாள் இராணுவ அதிகாரி ஜெப்ரி பவல் 1973இல் வெளியிட்ட கண்டிப் போர்கள் பற்றிய நூலையும் சேர்த்துக்கொண்டோம். நூல் தேர்வோருக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: வரைபடத்தை அருகில் வைத்துப் படிக்கத்தக்கதாயும், மழையையும் பசியையும் நோயையும் மறைக்காததாயும் நூல் இருக்கட்டும், இரு தரப்பாரின் கூற்றையும் தேடுங்கள்.

2009 வரை போரின் துயரைச் சுமந்த நாடு இது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் போரைத் திரையில் மட்டுமே கண்டவர்கள். ஆதலின் இத்தேர்வு வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று.

புறப்படுவதற்கு முந்திய இரவு பையன், "மாமா, பொதியைப் போட்டுவிட்டு ஓடிய கூலியாள் கோழையா?" என்று கேட்டான்.

"அவனுடைய சண்டையா அது, தம்பி?" என்றோம். அவன் நெடுநேரம் பேசவில்லை.

பின்னர் கணினியைப் பார்த்தோம். அவனுடைய சேனை ஓர் ஆற்றங்கரையில் அசையாது நின்றது.

"ஏன் நிறுத்திவிட்டாய்?"

"மழைக்காலம், மாமா. அரிசியும் இன்னும் வந்து சேரவில்லை."

சமையலறையிலிருந்து தங்கை சாப்பிட அழைத்தாள். அன்று அவன் முதல் அழைப்பிலேயே எழுந்து சென்றான்.