எங்கள் கான்டெசாவும் ஒரு கேம்ஷாஃப்டும்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கான்டெசாவின் படத்தை இங்கே பகிர்ந்தபோது, ‘இந்தியாவின் மசில் கார்’ என்று நண்பர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். எஞ்சினுக்குள் காற்று எவ்வாறு நுழைகிறது என்பதை ஐந்தாண்டுகளாக ஆய்வு செய்துவருபவள் என்பதால் அந்தத் தொடரைத் திருத்தக் கை துறுதுறுத்தது. ஆனால் அந்தக் காரைப் பற்றி எழுதப் புகுந்தால், நான் அதற்குச் செய்ததையும் சேர்த்தே எழுத வேண்டிவரும். இரண்டு வாரத் தயக்கத்துக்குப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் திருத்தம். அமெரிக்கர்கள் மசில் கார் என்றழைத்தது, நடுத்தர உடலில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்திய வண்டியை. 1964-இல் பான்டியாக் நிறுவனம் தன் டெம்பஸ்ட் காரில் 389 கன அங்குல வி-8 எஞ்சினை, அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டரை, வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றதைத்தான் பலரும் அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். கான்டெசா இதற்கு நேர் எதிர். அதன் மூலம் 1972-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்.இ. அங்கே அந்த உடலுக்கு 1.8 லிட்டர், 2.3 லிட்டர் எஞ்சின்கள் தரப்பட்டன. அதே உடலில் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் ஓடியது. ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980-களில் அதைத் தயாரிக்கத் தொடங்கியபோது, உள்ளே வைத்தது அம்பாசிடரின் அதே 1,489 கன செ.மீ. எஞ்சினை. 1950-களின் பி.எம்.சி. ‘பி-சீரிஸ்’ அது. சுமார் 50 குதிரைத்திறன். பானெட்டைத் திறந்தால், அத்தனை பெரிய அறையில் அந்தச் சிறிய எஞ்சின் ஒண்டுக்குடித்தனக்காரரைப் போல ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். பிற்பாடு இசுசுவின் 1,817 கன செ.மீ. எஞ்சின் வந்தது, ஏறக்குறைய 88 குதிரைத்திறனும் ஐந்து கியர்களும் கிடைத்தன. கான்டெசா தலைநிமிர்ந்தது அப்போதுதான்.

அப்பா வாங்கியது அந்த முதல் வகை. நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, வைப்புநிதியிலிருந்து கடனெடுத்து, இரண்டாங்கையாக வாங்கினார். லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாக வாழும் எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் கார். ஞாயிறுதோறும் வித்யாசாகர் பாலத்தைக் கடந்து சிப்பூரிலிருக்கும் அத்தை வீட்டுக்குப் போவோம். ஐந்து பேர் அமர்ந்து, ஏ.சி.யும் போட்டுவிட்டால், பாலத்தின் ஏற்றத்தில் கான்டெசா மூச்சு வாங்கும்; மினி பஸ்கள் எங்களைத் தாண்டிப் போகும். “உருவம் யானை, குரல் பூனை” என்று அத்திம்பேர் ஒவ்வொரு வாரமும் சொல்வார். அப்பா ஒவ்வொரு வாரமும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்ததில்லை. எஞ்சின்களைப் படிக்க நான் வந்ததற்கு வேறு பல காரணங்களை நேர்காணல்களில் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் அந்தப் பாலமாகக்கூட இருக்கலாம்.

முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில், அப்பா பணி ஓய்வு பெற்ற பிறகு, அந்த எஞ்சினைப் பலப்படுத்தித் தருவதாக அறிவித்தேன். எளிய வழி, இசுசு எஞ்சினை வாங்கி மாட்டிவிடுவது. பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா மறுத்துவிட்டார். ஆகவே இருப்பதைக் கொண்டே செய்ய வேண்டும். அதற்கும் என்னிடம் ஒரு சான்று இருந்தது. 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதே எஞ்சின்தான். அதே 1,489 கன செ.மீ., ஆனால் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களோடு ஏறத்தாழ 70 குதிரைத்திறன். அப்பாவிடம் அந்த எண்ணைக் காட்டினேன். “இருபது குதிரை கூடவா?” என்று கேட்டுவிட்டுச் சாவியைத் தந்தார்.

எங்கள் வண்டியை அத்தனை ஆண்டும் பார்த்துவந்தவர் பவானிப்பூரில் பட்டறை வைத்திருந்த ஒரு மிஸ்திரி. நான் அவரைக் காக்கு என்பேன். அவர் என்னை ‘மா’ என்பார். எண்ணெய்க் கறை படிந்த அவர் மேசைமேல் என் மடிக்கணினியை விரித்துவைத்து, வரைபடங்களைக் காட்டி விளக்கியதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

குதிரைத்திறன் தனியொரு பொருளன்று. எஞ்சின் உண்மையில் உண்டாக்குவது முறுக்குவிசையை. அதைச் சுழல்வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன். எனவே திறனைக் கூட்ட இரு வழிகள். ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகக் கலவையை உள்ளே இழுத்து, நன்றாக எரித்து, முறுக்குவிசையையே உயர்த்தலாம். அல்லது இருக்கும் முறுக்குவிசை வீழ்ந்துவிடாமல் இன்னும் அதிக வேகம்வரை இழுத்துச் செல்லலாம். இரண்டாவது வழியில் தாளில் எண்கள் விரைவாக ஏறும். எண் காட்டும் ஆசை பழையது. அமெரிக்கக் கார் நிறுவனங்கள் 1971 வரை காற்று வடிகட்டி, வண்டியின் சொந்த சைலன்சர் முதலியவற்றைக் கழற்றிவைத்து அளந்த திறனையே விளம்பரத்தில் போட்டார்கள். 1972-இல் எல்லாவற்றையும் மாட்டி அளக்கத் தொடங்கியதும் எண்கள் பெருமளவு சரிந்தன. இதை வகுப்பில் கிண்டலாகச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

முதல் வழியில் சில வேலைகளைச் சரியாகவே செய்தோம். ஆய்வகத்திலிருந்து ஒரு பியூரெட்டை இரவல் வாங்கிவந்தேன் (என் வழிகாட்டிக்குத் தெரியாது, இப்போது தெரிந்துவிடும்). சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்து, எரிவெளிமேல் கண்ணாடித் தகட்டை வைத்து, மண்ணெண்ணெய் விட்டு நான்கையும் அளந்தோம். நான்கும் நான்கு விதம். பிஸ்டன் மேல்நிலையில் நிற்கும்போது எஞ்சும் மொத்த இடம் சராசரியாக 57 கன செ.மீ. வந்தது, ஒரு சிலிண்டருக்கு 372 கன செ.மீ. இடப்பெயர்ச்சி என்றால், அமுக்க விகிதம் 7.5. ஹெட்டின் அடிப்பகுதியை லேத் பட்டறையில் சீவி, அதை 8.8 ஆக்கினோம். கோட்பாட்டுக் கணக்கில் அதனால் வெப்பத்திறன் ஐந்து விழுக்காடு கூடும். எந்த வேகத்தில் ஓடினாலும் கூடும். ஹெட் தாழ்ந்ததால் புஷ்ராடுகள் நீளமானவைபோலாகி ராக்கர்களின் கோணம் பிசகும் என்று சொல்லி, அவற்றின் தாங்கிகளுக்கு அடியில் தகடு கொடுத்தவர் காக்கு. நான் அதை எண்ணியே பார்க்கவில்லை. 2000-இல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்துவிட்டது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வெளியேற்று வால்வின் இருக்கை ஈயப் பூச்சு இல்லாமல் தேய்ந்துகொண்டே போகும். அவற்றுக்குக் கடின இருக்கைகள் பதித்தோம். மல்லிக் பஜாரில் மூன்று சனிக்கிழமைகள் அலைந்து, இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களைப் பிடித்தோம்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் கணக்குப்படி அப்போது 60-ஐத் தொட்டிருப்போம். நான் அப்பாவிடம் சொன்னது 70.

மீதிப் பத்துக்காகக் கேம்ஷாஃப்டை மாற்ற முடிவு செய்தேன். வால்வுகளை அதிக நேரம் திறந்துவைத்தால் உயர்வேகத்தில் காற்று நிரம்ப அவகாசம் கிடைக்கும். உள்ளிழு வால்வு 280 பாகை திறந்திருக்கும்படி ஒன்றைச் செதுக்கச் சொன்னேன். காக்கு அதைக் கையில் வாங்கி, அதன் முட்டுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “மா, உன் அப்பா எந்த கியரில் ஓட்டுவார் தெரியுமா?” என்று கேட்டார். நான் வரைபடத்தைக் காட்டினேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் அம்பாசிடர்களைப் பிரித்து மாட்டிய ஒருவர் கேட்ட கேள்விக்கு, விடையாக ஒரு படத்தைக் காட்டியிருக்கிறேன்.

அந்த ஹெட்டில் ஒரு விசித்திரம் உண்டு. நான்கு சிலிண்டர்களுக்கு உள்ளிழு வழிகள் இரண்டே. ஒன்றும் இரண்டும் ஒரே வாசலைப் பகிர்ந்துகொள்ளும். மூன்றும் நான்கும் மற்றதை. எரியும் வரிசை 1-3-4-2. ஆகவே ஒரு வாசலில் முதலில் உட்பக்கத்துச் சிலிண்டர் இழுக்கும். 180 பாகை கழித்து வெளிப்பக்கத்தது இழுக்கும். வால்வு 280 பாகை திறந்திருந்தால், இரண்டு வால்வுகளும் 100 பாகை ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அவ்வேளையில் உட்பக்கத்துப் பிஸ்டன் மேலேறத் தொடங்கிவிடும். வேகமாகச் சுழலும்போது, உள்ளே பாய்ந்துவரும் கலவையின் உந்தம் அதை எதிர்த்து நிற்கும். மெதுவாகச் சுழலும்போது அந்த உந்தம் இராது. பிஸ்டன் தான் இழுத்த கலவையில் ஒரு பகுதியைத் திரும்பத் துப்பும், பக்கத்துச் சிலிண்டர் அதை வாங்கிக்கொள்ளும். ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்து உண்பது போலத்தான். தனித்தனி வாசல்கள் கொண்ட நவீன எஞ்சின்களின் மாதிரியை வைத்துக் கணக்கிட்ட என் நிரலில் இந்தத் திருட்டுக்கு இடமே இல்லை. என் ஆய்வுத் தலைப்பே உள்ளிழு வழிகளின் காற்றோட்டம் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நள்ளிரவில் காலியான சாலையில் நான் ஓட்டிப் பார்த்தபோது, 3,500 சுற்றுகளுக்கு மேல் அது வேறு வண்டியாகியிருந்தது. மூன்றாம் கியரில் அதன் உறுமலைக் கேட்டுக் கத்தியேவிட்டேன். இத்தனைக்கும் 88.9 மி.மீ. நீளத் தட்டடியும் மூன்றே மூன்று மெயின் பேரிங்குகளும் கொண்ட அந்தக் கிராங்கை அவ்வேகத்தில் நெடுநேரம் சுழற்றுவது அறிவுடைமையன்று.

அடுத்த ஞாயிறு அப்பா ஓட்டினார். பின்னிருக்கையில் அம்மாவும் நானும். அப்பாவுக்கு இடது முழங்கால் தேய்மானம். கிளட்சை இயன்றவரை மிதிக்காமல், மேல்கியரிலேயே மெல்ல இழுத்து ஓட்டுவது அவர் வழக்கம். அவர் வாழ்ந்தது 1,500 சுற்றுகளுக்கும் 2,000 சுற்றுகளுக்கும் இடையில். நான் அந்த இடத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்துவிட்டிருந்தேன். பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் போன லாரி வேகத்தைக் குறைத்தது. அவரும் குறைத்து, பிறகு மெல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தினார். வண்டி இருமுறை உதறிவிட்டு நின்றது. பின்னால் வந்த பேருந்து கிறீச்சிட்டு, எங்கள் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மூன்று முறை சாவியைத் திருப்பிய பிறகே எஞ்சின் உயிர்பெற்றது. அதற்குள் எழுந்த ஹாரன் ஒலிகளும் வசவுகளும் என் காதிலிருந்து இன்னும் போகவில்லை. அப்பாவின் கைகள் நடுங்கின. முப்பதாண்டுகளில் அவர் அந்தப் பாலத்தில் மெதுவாகப் போயிருக்கிறார், நின்றதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டினார். “வயசாயிடுச்சும்மா, முன்ன மாதிரி கை வரல” என்றார். தவறு தன்னுடையது என்றே அவர் நம்பினார். அன்றைக்கே மறுத்திருக்க வேண்டும். என் வரைபடம் பிழையென்று சொல்ல எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரமும் அவர் அத்தை வீட்டுக்குப் பேருந்தில் போய்வந்தார், அந்த முழங்காலோடு.

சொன்னபோது அவர் கோபப்படவில்லை. எந்த வேகத்தில் எவ்வளவு குறைந்தது என்று கேட்டார். நான் படம் வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப என் கால் இல்ல” என்றார்.

காக்கு பழைய கேம்ஷாஃப்டை எறியவில்லை. எண்ணெய் தடவி, ஆனந்தபஜார் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். திரும்பி வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் வேலை. உயர்ந்த அமுக்க விகிதத்தையும், வால்வு இருக்கைகளையும், ஒரு வாசலுக்கு ஒன்றாக நிற்கும் இரண்டு கார்புரேட்டர்களையும் அப்படியே விட்டோம். அவற்றின் ஊசிகளை மாற்றிக் கலவையைச் சீராக்க அவர் எடுத்துக்கொண்ட பொறுமையை எழுதினால் தனிக் கட்டுரையாகும். ஸ்பார்க் பிளக்குகளின் நிறத்தைப் பார்த்தே அவர் சொன்ன திருத்தங்களை, நான் சென்சார் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் சரி. அந்த ஒன்றில் சென்சாரை நான் தவறாகப் பொருத்தியிருந்தேன்.

இப்போது அதன் உச்சத் திறன் எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. மேல்கியரில் மணிக்கு 30 கி.மீ.யிலிருந்து 50 வரை போக எத்தனை வினாடி என்பதை மட்டும், ஒரே சாலையில், ஐந்து பேரை ஏற்றி, இரு திசையிலும் ஓட்டி அளந்தோம். முதன்முதல் இருந்ததைவிட இரண்டு வினாடி குறைவு. அந்த அளவீட்டைக் குறித்த தாள் பட்டறைச் சுவரில் இருக்கிறது. என் ஆய்வேட்டின் நான்காம் இயலையும் திருத்தினேன். உச்ச எண்ணைத் தேடுவதற்காக நான் தேர்ந்திருந்த வேகவரம்பு அங்கும் பொருந்தாமலிருந்தது. அதனால் ஓராண்டு பின்தங்கியது. வழிகாட்டி கேட்டபோது குடும்பச் சூழ்நிலை என்றேன். பொய்யில்லை.

அந்த ஞாயிறு நான் முன்னிருக்கையில் அமர்ந்தேன். நால்வர், ஏ.சி.யும் ஓடியது. பாலத்தின் ஏற்றம் தொடங்கியதும் அப்பாவின் கை வழக்கம்போலக் கியர் கம்பிமேல் போய் நின்றது. வண்டி தளரவில்லை. அவர் கை அங்கேயே இருந்தது. பாதி ஏற்றத்தில் அதை எடுத்து ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டார். ஒரு மினி பஸ் எங்களைத் தாண்டத்தான் செய்தது. இறக்கத்தில், மழைக்கு முன் வைப்பர் ரப்பரை மாற்ற வேண்டும் என்றார்.