தொங்கிய கொக்கி

பிள்ளையை அவசரப்பட்டு அடித்துவிட்டு மனம் நொந்ததுண்டா? எனக்கு அது நேர்ந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரை ரயிலின் சத்தத்திலேயே வளர்ந்தவன் என் மகன். அமெரிக்காவிலுள்ள என் நானா அவனுக்கொரு மாதிரி ரயில் அனுப்பினார். அசலில் 87இல் ஒரு பங்கு அளவு. ஒருநாள் எஞ்சின் மட்டும் ஓடியது. பெட்டிகள் கழன்று நின்றன.

"உடைச்சிட்டியா?" என்று அடித்துவிட்டேன்.

"நான் ஒண்டும் செய்யல்ல உம்மா" என்று அழுதான்.

இரவு எஞ்சினையும் பெட்டியையும் தண்டவாளத்தில் வைத்துக் குனிந்து பார்த்தேன். இரண்டின் கொக்கிகளும் தண்டவாளத்துக்கு மேல் சுமார் 10 மில்லிமீற்றரில் சமமாக நிற்க வேண்டும். எஞ்சினின் கொக்கியோ தலை தொங்கியிருந்தது. உடையவில்லை, அது இருக்கும் சிறு கூட்டுக்குள் இடைவெளி அதிகம், அவ்வளவுதான். திருகாணியைக் கழற்றி, கொக்கித் தண்டின் கீழ் யோகட் கோப்பையில் வெட்டிய மெல்லிய துண்டொன்றை வைத்தேன். தலை நிமிர்ந்தது. ஆனால் கொக்கி பக்கவாட்டில் இலகுவாக அசைய வேண்டும். இறுகினால் வளைவில் பெட்டி தடம் புரளும்.

காலையில் பெட்டிகள் கழலாமல் ஓடின. மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்களும் ஒருக்கா ஓட்டுங்க உம்மா" என்றான்.

கை ஓங்குமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள், சகோதரிகளே.