கண்ணாடி சரியில்ல

ஜூன் பிறந்து மேற்கே மலை மூடிக்கிட்டா எங்க ஊர்க்காரனுக்கு இருப்பு கொள்ளாது. திருநெல்வேலியில வெயில் மண்டையைப் பிளந்துகிட்டு இருக்கும்போதே, ஆரியங்காவு கணவாய் வழியா நுழையுற தென்மேற்குப் பருவக்காத்து குற்றாலத்தையும் தென்காசியையும் நனைச்சிட்டுப் போகும். மழைன்னு சொல்ல முடியாது. சாரல். குடை பிடிச்சா காத்து பிடுங்கும். பிடிக்கலைன்னா சட்டை நனையாது, மூக்குக்கண்ணாடி மட்டும் நனைஞ்சிரும்.

போன வருஷம் இந்தச் சாரல் சமயத்துல எங்க வீட்ல ஒரு பஞ்சாயத்து. அப்பாவுக்கு 71 வயசு. கார் ஓட்டுறதை நிறுத்தச் சொல்லணும். யார் சொல்றது?

ஆரம்பிச்சது ஒரு போன்ல. "கண்ணாடி சரியில்ல தாயி, ராத்திரி எதுத்தாப்புல லைட்டு வந்தா ஒண்ணும் தெரியமாட்டேங்கு"ன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கார். அக்கா மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. புரை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, ஆபரேஷனுக்கு அவசரமில்லைன்னு சொல்லி புது பவர் எழுதிக் கொடுத்தாங்க. புதுக் கண்ணாடி போட்ட நாலாம் நாள், குற்றாலத்துல இருந்து திரும்பும்போது மேலகரம் பக்கத்துல, சைக்கிள்ல வந்த ஒருத்தரைக் கடைசி நேரத்துல பார்த்து ஒடிச்சதுல முன்சக்கரம் ஓடைக்குள்ள இறங்கிருச்சு. யாருக்கும் அடி இல்லை. ஆனா பக்கத்து சீட்டுல அம்மா.

நான் லீவு போட்டு வந்து, ஆணியில தொங்கின சாவியை எடுத்து என் பையில போட்டுக்கிட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. ஈசிச்சேர்ல உட்கார்ந்து பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டார். ஒரு மணி நேரம் அந்தப் பேப்பர் புரளவே இல்லை.

அன்னிக்கு ராத்திரி சித்தி வீட்ல இருந்து அம்மாவைக் கூட்டிட்டு வரப் போனேன். திரும்பும்போது அதே ரோடு, அதே சாரல். வைப்பரைப் போட்டேன். கர்ர்ர்னு ஒரு இழுவை. தண்ணியைத் துடைக்கிறதுக்குப் பதிலா மாவு மாதிரி பூசிவிட்டுது. எதிரே லாரி விளக்கு பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திரை. எனக்கு 38 வயசு, கண்ணுல ஒரு குறையும் கிடையாது. ரோடே தெரியல. உருட்டி உருட்டி வீடு வந்து சேர்ந்தேன். "ஏல, உனக்கும் கண்ணு தெரியலையா?"ன்னாங்க அம்மா.

காலைல விரலை வச்சுப் பார்த்தா ரப்பர் செருப்பு வார் மாதிரி விறைச்சுக் கிடக்கு. வைப்பர் ரப்பரோட விளிம்பு ஒவ்வொரு வீச்சுக்கும் இந்தப்பக்கம் அந்தப்பக்கம்னு மடங்கித் திரும்பணும். சித்திரை வெயில்ல கண்ணாடியோட ஒட்டிக் காய்ஞ்ச ரப்பர் எங்க திரும்பும்? பேய்மழைன்னாகூட தண்ணியிலேயே வழுக்கிட்டுப் போயிரும். சாரல்ல ஈரம் குறைச்சல், தூசியும் எண்ணெய்ப்பிசுக்கும் சேர்ந்து பூச்சாயிரும்.

சாரலுக்குன்னே பிறந்த மாதிரி ஒரு வைப்பர் உண்டு, விட்டு விட்டு அடிக்கிறது. அதைக் கண்டுபிடிச்சவங்கள்ல முக்கியமானவர் ராபர்ட் கியர்ன்ஸ்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர். 1953-ல தன் கல்யாண ராத்திரியில ஷாம்பெயின் பாட்டில் மூடி தெறிச்சு ஒரு கண் பார்வை ஏறக்குறைய போச்சு. கண்ணிமை விட்டு விட்டுத்தானே சிமிட்டுது, வைப்பர் ஏன் ஓயாம அடிக்கணும்னு யோசிச்சு, 1964-ல காப்புரிமைக்குப் போட்டார். அப்புறம் ஃபோர்டு கம்பெனி மேல 1978-ல கேஸ் போட்டு, 1990-லதான் 1 கோடி டாலருக்கு மேல வாங்கினார். கண்ணுக்கும் வைப்பருக்கும் சம்பந்தம் எங்க வீட்ல மட்டும் இல்லை பாருங்க.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகுமுன்னாடி டேப் வச்சு அளந்துக்கிட்டேன். டிரைவர் பக்கம் நீளம், இந்தப்பக்கம் குட்டை. மாத்தி மாட்டினா ரெண்டும் நடுவுல முட்டிக்கும். ரப்பர் மட்டும் வாங்கி மாத்தலாம்தான், ஆனா எங்க பிளேடு கம்பியும் துருப்பிடிச்சிருந்துச்சு. ஜோடியாவே வாங்கிட்டேன்.

கைக்கம்பியைத் தூக்கி நிறுத்தி, பிளேடைக் குறுக்கத் திருப்பி, நடுவுல இருக்கிற கிளிப்பை அமுக்கி, கீழ்நோக்கித் தள்ளினேன். கழண்டு வரல. பத்து நிமிஷம் மல்லுக்கட்டினேன். பின்னாடி செருப்புச் சத்தம். அப்பா தோள்ல கிடந்த துண்டை எடுத்து நாலா மடிச்சு, கம்பிக்குக் கீழே கண்ணாடி மேல விரிச்சார். அவர் கையை எடுத்ததும் பிளேடு பட்டுனு கழண்டுச்சு, கைக்கம்பி ஸ்பிரிங் வேகத்துல தொப்புனு துண்டு மேல விழுந்துச்சு. துண்டு இல்லைன்னா வெறுங்கம்பி கண்ணாடியைக் கீறல் விட்டிருக்கும். வைப்பருக்குப் போய் கண்ணாடிச் செலவு :-)

புதுசைக் கொக்கியில கோர்த்து மேல இழுத்தா 'டிக்'னு உட்கார்ந்துச்சு. இன்னொரு பக்கத்தை அவரே மாட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகல.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லாப்பா?"

"சொன்னேம்லா, கண்ணாடி சரியில்லன்னு. நீங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனிய."

"அங்க வச்சாவது சொல்லியிருக்கலாமே?"

"இந்தக் கண்ணாடியும் பழசாத்தாம்ல இருந்துச்சு."

புரை இருக்கிறதும் நிஜம்தான். அதனால ராத்திரி ஓட்டக் கூடாதுன்னு அக்கா போன்லேயே கறாரா சொல்லிட்டா. "பாப்போம்"னார். அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். சாவியைத் திரும்ப ஆணியில மாட்டினேன்.

மறுநாள் விடியக்காலம் எழுந்து பார்த்தா ஆணி காலி. எட்டு மணிக்கு ஈரத்துண்டோட வந்து இறங்கினார். பழைய குற்றாலத்துல நல்ல தண்ணியாம், கூட்டமே இல்லையாம். என்னை ஏன் எழுப்பலன்னு கேட்டேன்.

"நீ தூங்கிட்டு இருந்தல."