கரை இறங்கியும் இறங்காத பழக்கங்கள்

கல்லூரி விடுதியில் தண்ணீர் வராத நாளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கு ஒரே ஒரு வாளி. அதிலேயே பல் தேய்த்து, குளித்து, துணியும் அலசி, கடைசியில் ஒரு மக் தண்ணீர் மிச்சம் பிடித்துக் காட்டுவார்கள் பையன்கள். மறுநாள் குழாயில் தண்ணீர் வந்துவிடும். அதே பையன்கள் குழாயைத் திறந்து விட்டுவிட்டு கதை பேசிக் கொண்டிருப்பார்கள்! நேற்றுப் பழகிய சிக்கனம் ஒரே ராத்திரியில் எங்கே போனது?

புதுப் பழக்கம் என்பது இப்படித்தானா? கட்டாயம் இருக்கும் வரை ஒட்டிக் கொண்டிருந்து, கட்டாயம் போனதும் அதுவும் போய்விடுமா? இல்லை, சில பழக்கங்கள் ஆளையே மாற்றிவிடுமா? இதற்குப் பதில் தேடக் கடலை விட நல்ல இடம் கிடையாது. அதிலும் பாய்மரப் படகில் தனியாகப் போனவர்களின் கதைகளில்.

1968-ல் இங்கிலாந்தின் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. தனி ஆளாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், யாரிடமும் எந்த உதவியும் வாங்காமல் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். அதற்கு முன் யாரும் அப்படிச் சுற்றியதில்லை. ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தது ஒரே ஒருவர்!

கிளம்பிய ஒவ்வொருவருக்கும் கரையில் இருந்த அன்றாட வாழ்க்கை முதல் வாரத்திலேயே முடிந்து போயிருக்கும். தூக்கத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் போர்த்திக் கொண்டு தூங்க முடியாது. காற்று திசை மாறினால் பாயைத் திருப்ப வேறு ஆள் இல்லை. அதனால் தூக்கம் துண்டு துண்டாகத்தான். படகின் ஆட்டம் கொஞ்சம் மாறினாலே விழிப்பு வந்துவிடும். தண்ணீர் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவேடு. ஜி.பி.எஸ். இல்லாத காலம் அது. செக்ஸ்டன்ட் கருவியை வைத்துச் சூரியனின் உயரத்தை அளந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால்தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியும். அதைத் தினமும் எழுதி வைக்க வேண்டும். எழுதாத நாள் தொலைந்த நாள்.

இந்தப் பழக்கங்கள் மூன்று பேரை மூன்று விதமாக ஆக்கின.

முதலாமவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். வயது 29. வணிகக் கப்பலில் அதிகாரியாக வேலை பார்த்தவர். அவருடைய படகு சுஹைலி 32 அடி நீளம்தான். அது எங்கே கட்டியது தெரியுமா? நம்ம பம்பாயில்! தேக்கு மரத்தில். 1968 ஜூன் 14-ஆம் தேதி ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். கொஞ்ச நாளிலேயே படகின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. நடுக்கடலில் மூழ்கி, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, அதன் மேல் தாமிரத் தகடு வைத்து அடைத்தார். பிறகு தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டுப் போனது. கேனில் இருந்ததையும், பாயில் வழிந்த மழைத் தண்ணீரையும் பிடித்து வைத்துக் குடித்தார். தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்தது. பாய்களை அளவாகக் கட்டி வைத்துப் படகைத் தானே போக வைக்கக் கற்றுக் கொண்டார். வானொலியும் வேலை செய்யவில்லை. நியூசிலாந்தைத் தாண்டிய பிறகு மாதக்கணக்கில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது.

ஒன்று உடைந்தால் ஒரு புதுப் பழக்கம். இன்னொன்று உடைந்தால் இன்னொரு பழக்கம். அவ்வளவுதான் அவர் செய்தது. 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22-ல் அதே ஃபால்மவுத்துக்குத் திரும்பி வந்தார். போவதற்கு முன்னாலும் வந்த பின்னாலும் ஒரு மனநல மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். இரண்டு தடவையும் ஒரே முடிவுதான்: ஆள் சாதாரணமாக இருக்கிறார்! பத்து மாதத் தனிமை அவரை ஒன்றும் செய்யவில்லையே என்று தோன்றும். ஆனால் 2006-ல், 67 வயதில், அதே மனிதர் மறுபடி தனியாக உலகம் சுற்றும் போட்டிக்குக் கிளம்பினார். 2007-ல் முடித்தும் விட்டார். பழக்கம் போகவில்லை. வெளியே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது.

இரண்டாமவர் பெர்னார் மொய்த்தெசியே. பிரெஞ்சுக்காரர், ஆனால் பிறந்தது ஹனோயில், வளர்ந்தது இந்தோசீனாவில். ஜோஷுவா என்ற எஃகுப் படகில் போனார். வானொலிக் கருவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செய்தி சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் போகும் கப்பல் மேல் உண்டிவில்லால் எறிவார்! வழியில் யோகா பழகினார். தென் அமெரிக்காவின் முனையான ஹார்ன் முனையைத் தாண்டியாயிற்று. வீட்டை நோக்கித் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. ஜெயிக்க நல்ல வாய்ப்பும் இருந்தது. 1969 மார்ச்சில் கேப் டவுன் பக்கத்தில் ஒரு கப்பலுக்கு உண்டிவில்லில் கடைசிச் செய்தியை எறிந்தார். போட்டியிலிருந்து விலகுகிறேன், பசிபிக் பக்கம் போகிறேன் என்று! இன்னும் அரைச் சுற்றுச் சுற்றி ஜூன் மாதம் தாஹிட்டித் தீவில் போய் இறங்கினார்.

இதைப் படித்தவுடன் கைதட்டத் தோன்றும். பரிசு வேண்டாம், புகழ் வேண்டாம் என்று போனவர் அல்லவா? ஆனால் பிரான்சில் அவர் மனைவி காத்திருந்தார். கடல் வாழ்க்கை அவருக்கு அவ்வளவு பழகிவிட்டது, கரை வாழ்க்கை பழக்கமில்லாததாகிவிட்டது. ஒருவருக்கு விடுதலையாக இருக்கும் பழக்கம், வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கும் இன்னொருவருக்கு என்னவாக இருக்கும்? இதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

மூன்றாமவர் கதைதான் மனதைப் பிசைவது. டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். மின்னணுக் கருவிகள் செய்து விற்ற சிறு வியாபாரி. நான்கு குழந்தைகளின் அப்பா. வீட்டையும் தொழிலையும் பணயம் வைத்துப் படகு கட்டினார். கிளம்ப அனுமதித்த கடைசி நாளான 1968 அக்டோபர் 31-ல், வேலை முடியாத படகில் கிளம்பினார். படகு ஒழுகியது. தென் சமுத்திரத்துக்குப் போனால் சாவு. திரும்பினால் கடன்காரர். இரண்டும் வேண்டாம் என்று அட்லாண்டிக்கிலேயே சுற்றிக் கொண்டு, வேகமாகப் போய்க் கொண்டிருப்பதாக வானொலியில் பொய்க் கணக்குச் சொன்னார்.

முதல் பொய் ஒரு நாள் சமாளிக்க. அடுத்தது அதைக் காப்பாற்ற. அப்புறம் அதுவே தினசரி வேலை! வானொலியில் சொன்னது ஒரு கணக்கு, படகில் எழுதியது வேறு கணக்கு. அவர் நெருங்கி வருகிறார் என்று நம்பி, நைஜல் டெட்லி என்ற இன்னொரு போட்டியாளர் தன் சேதமான படகை விரட்டி ஓட்ட, 1969 மே மாதம் அது மூழ்கியது. டெட்லி பிழைத்துக் கொண்டார். ஆனால் இப்போது க்ரோஹர்ஸ்ட் பரிசு வாங்கும் நிலை. பரிசு என்றால் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்களே! 1969 ஜூலை 10-ஆம் தேதி அவர் படகு அட்லாண்டிக்கில் ஆளில்லாமல் மிதந்ததைக் கண்டுபிடித்தார்கள். உடல் கிடைக்கவே இல்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

அதே கடல். அதே தனிமை. பதிவேடு எழுதும் அதே பழக்கம். ஒருவரை அது வீடு சேர்த்தது. இன்னொருவரை அது கொன்றது.

நம் நாட்டுக் கதை ஒன்றையும் சேர்த்துக் கொள்ளலாம். கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி. 2012 நவம்பரில் மும்பையிலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி 2013-ல் திரும்பிய முதல் இந்தியர். 2018-ல் அந்தப் பழைய போட்டியை மறுபடி நடத்தியபோது, சுஹைலியின் வடிவத்திலேயே கோவாவில் கட்டிய துரியா என்ற படகில் போனார். பழைய காலத்து முறைப்படி செக்ஸ்டன்ட் வைத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். செப்டம்பர் 21-ல் தென் இந்தியப் பெருங்கடலில் புயல். பாய்மரம் உடைந்து, முதுகெலும்பு முறிந்து, அசைய முடியாமல் கிடந்தார். மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து காப்பாற்றியது.

உலகம் சுற்றி வந்த மனிதர், குழந்தை போல மறுபடி நடக்கப் பழக வேண்டியிருந்தது. நிற்பது ஒரு பழக்கம், அடி வைப்பது ஒரு பழக்கம், படி ஏறுவது ஒரு பழக்கம். நாம் யோசிக்காமல் செய்கிற எல்லாம் ஒரு காலத்தில் விழுந்து எழுந்து பழகியவைதானே! 2022 செப்டம்பரில் அதே போட்டிக்கு மறுபடி கிளம்பினார். 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

இப்போது விடுதி வாளிக்கு வருவோம். அந்தப் பையன்களின் சிக்கனம் ஏன் ஒரே நாளில் போனது? அது குழாய் கற்றுக் கொடுத்தது. குழாயே அதைத் திருப்பி வாங்கிக் கொண்டது. நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கும் டாமிக்கும் கட்டாயம்தான் கற்றுக் கொடுத்தது. ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கரைக்கு வந்த பிறகும் தங்கியது. க்ரோஹர்ஸ்டுக்கும் பழக்கம் இருந்தது. அதைத் தன்னிடம் கூட ஒப்புக் கொள்ள முடியாத காரணத்துக்காகச் செய்தார்.

கடலுக்கு எல்லோரும் போகப் போவதில்லை. ஆனால் தினமும் எதையோ எழுதுகிறோம், எதையோ சொல்கிறோம், எதையோ மிச்சம் பிடிக்கிறோம். யாரும் பார்க்காத நாளில் பதிவேட்டில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி.

நாளைக் காலை குழாயில் தண்ணீர் வரும். ஒரு வாளி போதும் என்று நேற்று தெரிந்துவிட்டதே... பார்ப்போம்!